மிளகுக்குத் தையல் பிரித்தாயிற்று

செம்மேடு,
15.06.2025, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வளர்மதிக்கு,

தேவ கிருபையால் நான் நலம். உன் நலத்தையும் மச்சான் வீட்டில் எல்லோருடைய நலத்தையும் அறிய ஆவல். பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. பத்து நாளாக இங்கே சாரல் விட்டு விட்டுப் பெய்கிறது, துணிதான் காய்வதில்லை. மற்றபடி பரவாயில்லை.

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். பயப்படாதே. நல்ல சேதியை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மிளகுக்கு நேற்றுத் தையல் பிரித்தாயிற்று. அதற்கு ஒரு பெரிய ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டது. நேற்று வீட்டுக்கு வந்ததும் ஒரு முட்டை முழுசாகத் தின்றுவிட்டு, என் தட்டில் இருந்த தோசையிலும் பாதியை வாங்கிக்கொண்டது. இதை எழுதும்போது என் பாதத்தின் மேல் தலையை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. கால் மரத்துப் போய்விட்டது. எடுக்க மனசு வரவில்லை.

இதையெல்லாம் போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். போனில் நாம் என்ன பேசுகிறோம்? "சாப்பிட்டீங்களா" என்று நீ கேட்பாய், "ஆச்சு" என்று நான் சொல்வேன். "மழையா" என்பாய், "மழைதான்" என்பேன். அதற்கப்புறம் உன் பக்கத்து ஃபேன் ஓடும் சத்தத்தை நானும், என் பக்கத்து மழைச் சத்தத்தை நீயும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுகிறோம். நான் சொல்ல வேண்டியது அந்த நாலு வார்த்தைக்குள் அடங்காது. முப்பது வருடமாக ஆபீசில் குறிப்பு எழுதிக் குப்பை கொட்டியவன், சொந்தமாக ஒரு கடிதம் எழுத ஒரு வாரம் யோசித்திருக்கிறேன். பொறுமையாகப் படி.

பிப்ரவரியில் நீ கிளம்பிப் போனபோது, இந்த நாயை என்னிடம் விட்டுப் போகிறாயே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்தான். அதற்கும் எனக்கும் பதிமூன்று வருடத்தில் பெரிய பழக்கம் ஒன்றும் கிடையாது. உனக்கே தெரியும். இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஜாஸ்மின் அதை ஸ்கூல் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். மிளகு காயவைத்திருந்த சாக்கின் மேல் படுத்திருந்ததாம், தூரத்திலிருந்து பார்த்தால் தனியாகத் தெரியவில்லையாம், அதனால் அதுதான் பேர் என்றாள். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் இரண்டும் சேர்ந்து கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டன. அதிலிருந்து அது அவளுடைய நாய். அவள் ஹாஸ்டலுக்குப் போனபிறகு உன்னுடைய நாய். எனக்கு, வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு வழி விடாத ஒன்று.

நீ போன முதல் வாரம் நான் கடையில் சாப்பிட்டுக்கொண்டேன். அதற்குப் பன்னும் பிஸ்கட்டும் வாங்கி வந்து வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு, அடுப்பங்கரையில் போய், காலியாகக் கவிழ்த்து வைத்திருந்த குக்கரின் முன்னால் உட்கார்ந்துகொள்ளும். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் அதற்காக ஒரு டம்ளர் அரிசி வைத்தேன். வைத்த பிறகு மீதியை நான் சாப்பிட்டேன். அதன்பின் தினமும் அப்படித்தான். யார் யாருக்குச் சோறு போட்டது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

இப்போது அதற்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. குதிகாலால் தரையில் இரண்டு முறை தட்டினால்தான் திரும்பும். கண்ணில் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு வெள்ளை படர்ந்திருக்கிறது. சாமான்களை இடம் மாற்றினால் முட்டிக்கொள்கிறது. அதனால் வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட நான் நகர்த்தவில்லை. ஜாஸ்மினின் மேஜையும் நீ விட்டுப் போன இடத்திலேயே இருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். மார்ச் மாதம் வரைக்கும் எனக்கு அதன் மேல் ஆத்திரம் இருந்தது. பிள்ளை போய்விட்டாள், இது பாட்டுக்குத் தின்கிறது, தூங்குகிறது, வாலை ஆட்டுகிறது. ஒரு நாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தவன் ஏதோ நினைப்பில் அதன் முன்னால் நின்று கத்திவிட்டேன். "உனக்கு ஒண்ணுமே தெரியலையா? அவ போயிட்டா, உனக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டேன். அதற்குத்தான் காது கேட்காதே. எழுந்து வந்து என் கையை நக்கியது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று வருடமாக ஜாஸ்மின் ஹாஸ்டலில் இருந்தாள். மாதம் ஒரு முறை, சில சமயம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவாள். நாயைப் பொறுத்தவரை அவள் இன்னும் ஹாஸ்டலில்தான் இருக்கிறாள். இந்த வீட்டில் அவள் வருவாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிற உயிர் அது ஒன்றுதான். அதன்பிறகு எனக்கு அதன் மேல் கோபம் வரவில்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் அதன் பக்கத்தில் தரையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டேன். அந்த அரை மணி நேரம் எனக்கும் அவள் ஹாஸ்டலில்தான் இருப்பாள். பைத்தியக்காரத்தனம் என்று நினைக்காதே. அது இல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த மாதம் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, மிளகு காலையில் சோற்றைத் தொடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வந்து பார்த்தால் இரண்டு இடத்தில் வாந்தி எடுத்திருந்தது. வயிறு கொஞ்சம் உப்பினாற்போல் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்து வீட்டுப் பாப்பாயி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "வயசாயிப் போச்சுங்க சார், அது பாட்டுக்கு இருக்கட்டும், தொந்தரவு பண்ணாதீங்க" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். நானும், "ஆமாங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஜமாபந்திக் கணக்குத் தணிக்கை நேரம். ஆபீசில் தலைக்கு மேல் வேலை.

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்திருப்பேன். பாப்பாயி அக்காவிடம் சொன்ன அந்த வார்த்தை என் காதிலேயே திரும்பத் திரும்பக் கேட்டது. ரெண்டு நாள்ல சரியாயிடும். அதே வார்த்தையை அதே குரலில் நான் முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். யாரிடம் சொன்னேன், எப்போது சொன்னேன் என்பதைக் கொஞ்சம் கழித்து எழுதுகிறேன்.  டீக்கடைப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் திரும்பி வீட்டுக்கு நடந்தேன், ஓடினேன் என்றே சொல்லலாம். ஆபீசுக்குப் போன் போட்டேன். லீவு கேட்கவில்லை. வரவில்லை என்று சொன்னேன்.

பைல்நாட்டு ஊர்க்காரர் அப்பாசாமியை உனக்கு ஞாபகம் இருக்கும். பிக்கப் வண்டி வைத்திருப்பவர். ஜாஸ்மின் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பஸ்ஸை விட்டபோது கொண்டுபோய் விட்டாரே, அவர்தான். பலாப்பழ லோடு ஏற்றிக்கொண்டு நாமக்கல்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நாயைத் தூக்கிக்கொண்டு வந்து நான் என்னவோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்கவே இல்லை. "பாப்பா நாயாச்சேங்க சார், ஏறுங்க" என்று முன் கதவைத் திறந்துவிட்டார்.

மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கும் வரைக்கும் மிளகு என் மடியில் கிடந்தது. அதற்கு வண்டியே ஆகாது. ஊசி போடக் கொண்டுபோகும்போதெல்லாம் ஜாஸ்மின் வழி முழுக்க அதன் காதில் பேசிக்கொண்டே வருவாள் என்று நீ சொல்வாய். எனக்கு நாயிடம் என்ன பேசுவதென்று தெரியாது. கையால் அதன் விலா மேல் தட்டிக்கொண்டே வந்தேன். மூச்சு சூடாக, வேகமாக இருந்தது. பலாப்பழ வாசனை போக ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டேன். அது ஒரு தடவை கண்ணைத் திறந்து தாடையை என் மணிக்கட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டது. அவ்வளவுதான். அப்பாசாமி ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்துகிற மாதிரி மெதுவாகத் திருப்பினார்.

நாமக்கல் கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு பாரம் கொடுத்தார்கள். பிராணியின் பெயர், வயது, உரிமையாளர் பெயர். வாழ்நாள் முழுக்கப் பாரம் பூர்த்தி செய்தவன் நான். யோசிக்காமல் உரிமையாளர் என்ற இடத்தில் மோ. ஜாஸ்மின் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஸ்கேன் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் கலைச்செல்வி என்று ஒரு பெண், நம் ஜாஸ்மினைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருப்பாள். வெளியே வந்து சொன்னாள். கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்கிறதாம். வயதான பெண் நாய்களுக்கு வருமாம். உடனே ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் விஷம் உடம்பில் ஏறிவிடும் என்றாள். அப்புறம் கையில் இருந்த பாரத்தைப் பார்த்துவிட்டு, "ஜாஸ்மின் யாருங்க சார்?" என்று கேட்டாள். என் மகள் என்றேன். "அவங்ககிட்ட போன்ல ஒரு வார்த்தை கேட்டுக்கலாங்களா? பதிமூணு வயசு நாய், மயக்க மருந்து தாங்குமான்னு உறுதியாச் சொல்ல முடியாது. பின்னாடி அவங்க வருத்தப்படக் கூடாதில்லீங்களா?" என்றாள்.

வளர்மதி, இந்த ஏழு மாதத்தில் நான் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்ததில்லை. செம்மேட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். சொந்தக்காரர்களுக்கு மச்சான்தான் போன் போட்டார். அந்த வாக்கியத்தை என் வாயால் நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பது அங்கே நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. "அவ இல்லீங்க டாக்டர். நவம்பர்ல தவறிட்டா" என்றேன்.

அந்தப் பெண் ஐயோ என்றோ, எப்படி என்றோ கேட்கவில்லை. பேனாவை எடுத்து, ஜாஸ்மின் பேரை அடிக்காமல், அதன் கீழே என் பேரை எழுதிக்கொண்டாள். அப்புறம், "எப்பலிருந்துங்க சாப்பிடலை?" என்று கேட்டாள். நேற்றுக் காலையிலிருந்து என்றேன். "நேரத்தோட கொண்டு வந்துட்டீங்க சார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா எங்களால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. நல்ல வேளை, வந்துட்டீங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். தினமும் பத்துப் பேரிடம் சொல்கிற வார்த்தையாக இருக்கும். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அப்பாசாமி லோடு இறக்கப் போகாமல் பின்னாலேயே நின்றிருக்கிறார். என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார். "அழுதுருங்க சார். அன்னிக்கிலிருந்து நீங்க அழுவவே இல்லீங்க. எங்களுக்கெல்லாம் அதுதான் பயமா இருந்துச்சுங்க" என்றார். ஐம்பத்திரண்டு வயதில், ஆடும் மாடும் பிடித்துக்கொண்டு ஆட்கள் போய் வருகிற இடத்தில் உட்கார்ந்து, நான் சத்தம் போட்டு அழுதேன். ஒரு கிழவர் கன்றுக்குட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஆபரேஷன் இரண்டு மணி நேரம் ஆயிற்று. கர்ப்பப்பை சுரைக்காய் மாதிரி வீங்கியிருந்ததாம். ஒரு தடவை மூச்சு நின்று போய்த் திரும்ப வந்ததாம். சாயங்காலம் என்னை உள்ளே விட்டார்கள். நாக்கு வெளியே தொங்க, குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கையை மூக்கருகில் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மூக்கு அசைந்தது. மோந்தது. வாலின் நுனி மட்டும் ஒரு முறை தூக்கி விழுந்தது. டாக்டர் சிரித்துவிட்டாள்.

மூன்று நாள் நாமக்கல்லில் ஆபீஸ் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கூட்டி வரும்போது, தையலை நக்கக் கூடாது என்று கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பை மாட்டி விட்டார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பாப்பாயி அக்கா, "என்னங்க சார், புனல மாட்டி உட்டுட்டாங்க" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நம் வீட்டு வாசலில் நின்று நான் சிரித்தது எனக்கே வேறு யாரோ சிரிக்கிற மாதிரி இருந்தது.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்று என்னிடம் ஒருவர் சொன்னதால்தான் இதை எழுதும் தைரியம் வந்திருக்கிறது.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஜாஸ்மின் எனக்குப் போன் செய்தாள். நீ அப்போது ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாய். "லேசாக் காய்ச்சல்ப்பா, உடம்பெல்லாம் வலிக்குது" என்றாள். மறுநாள் எங்கள் ஆபீசில் ஆய்வு. எதிரே பைல் மலை மாதிரி கிடந்தது. நான், "மாத்திரை போட்டுட்டுப் படு கண்ணு, ரெண்டு நாள்ல சரியாயிடும். சனிக்கிழமை வந்துரு" என்றேன். "சரிப்பா" என்றாள். நீ திரும்பி வந்தபோது உன்னிடம் சொல்லவில்லை. நீ கவலைப்படுவாய் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம், வேறு இல்லை. வியாழக்கிழமை ஹாஸ்டலிலிருந்து போன் வந்தபோது, ஒன்றுமே தெரியாதவன் மாதிரி உன்னோடு சேர்ந்து நானும் ஓடி வந்தேன். சனிக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றே நான் கிளம்பிப் போயிருந்தால் என்று இந்த ஏழு மாதத்தில் நான் நினைக்காத நாள் இல்லை. நீ என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தியபோது, உனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். "இந்த ஊட்டுல என்னால மூச்சு விட முடியலீங்க" என்று நீ கிளம்பியபோது உன்னைத் தடுக்க எனக்கு வாய் வராததும் அதனால்தான்.

இன்று காலை ஆராதனைக்குப் போனேன். நவம்பருக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. ஜெபம் செய்ய வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, நேராக இதை எழுத உட்கார்ந்தேன்.

வா என்று உன்னைக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் கூப்பிடவில்லை. உனக்கு என்ன தோன்றுகிறதோ எழுது. திட்டியே எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

மச்சானுக்கும் அக்காவுக்கும் என் அன்பைச் சொல். கர்த்தர் உன்னைத் தாங்குவாராக.

இப்படிக்கு,
உன்
மோகன்ராஜ்

*

தாராபுரம்,
20.06.2025

ஏனுங்க,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. அண்ணிதான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தார்கள். குளிக்கிற அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். மூன்று தடவை படித்தேன். தண்ணீர் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்கவில்லை. அண்ணி கதவைத் தட்டிய பிறகுதான் வெளியே வந்தேன்.

மிளகு பிழைத்ததற்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அந்த டாக்டர் பெண்ணுக்கும் அப்பாசாமி அண்ணனுக்கும் நான் நேரில் நன்றி சொல்ல வேண்டும்.

நீங்கள் ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒளிக்காமல் எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

செவ்வாய்க்கிழமை உங்களுக்குப் போன் செய்தாள் என்று எனக்குத் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் திங்கட்கிழமை அவள் எனக்குப் போன் செய்தாள். காய்ச்சல் நன்றாக அடிக்கிறது, வீட்டுக்கு வரட்டுமா அம்மா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். "தீபாவளி லீவுக்கு வந்துட்டுப் போயி பத்து நாளுகூட ஆவலை, பரீட்சை வருது, சும்மா சும்மா வராத சாமி" என்றேன். அதோடு விடவில்லை. "அப்பாகிட்ட எதுவும் பெருசாச் சொல்லிராத. அவருக்கு ஆபீஸ்ல ஆய்வு, பிரஷர் வேற ஏறிக் கெடக்குது. கேட்டா லேசான காய்ச்சல்னு சொல்லு" என்றேன்.

அவள் உங்களிடம் லேசாகக் காய்ச்சல் என்று சொன்னாள் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? அது நான் சொல்லிக் கொடுத்த வார்த்தைங்க. என் பேச்சைத் தட்டாமல் அப்படியே சொல்லியிருக்கிறாள்.

உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை என்பது நிஜம். உங்கள் மேல் கோபத்தால் இல்லை. உங்களைப் பார்த்தால் சொல்லிவிடுவேன், சொன்னால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள் என்ற பயத்தால். அந்த வீட்டில் மூச்சு விட முடியாமல் போனதும் அதனால்தான். நீங்கள் ஒரு வார்த்தை தடுக்காமல் பையைத் தூக்கிக் கொண்டுவந்து பஸ்ஸில் வைத்தபோது, எல்லாம் தெரிந்துதான் அனுப்புகிறார் என்று நினைத்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கடைசி வளைவு வரைக்கும் அழுதேன்.

போன மாதம் அண்ணன், ஜாஸ்மினைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரை வேறு ஒரு வேலையாகப் பார்த்தபோது நம் பிள்ளையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவளுக்கு வந்த காய்ச்சல் மூன்று நாள் சாதாரணமாக இருந்துவிட்டுத் திடீரென்று திரும்புகிற வகை, திங்கள், செவ்வாயில் யார் பார்த்திருந்தாலும் மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்றாராம். அண்ணன் அதை என்னிடம் சொன்னபோது நான் நம்பவில்லை. என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது ஒன்று நடந்தது. நீங்கள் அந்தப் போன் விஷயத்தை எழுதியிருந்த இடத்துக்கு வந்தபோது எனக்கு உங்கள் மேல் ஒரு துளிகூடக் கோபம் வரவில்லை. பாவம், இவருக்கு என்ன தெரியும், வேலையில் இருந்த மனுஷன், பிள்ளை லேசான காய்ச்சல் என்றால் நம்பத்தானே செய்வார் என்றுதான் தோன்றியது. இதை ஏழு மாதம் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாரே என்றுதான் அழுதேன். அழுது முடித்தபிறகு, உங்களுக்குச் சொல்கிற இந்த நியாயத்தை எனக்கும் சொல்லிக்கொள்ளலாமோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. முழுதாக இன்னும் வரவில்லை. ஆனால் அன்று ராத்திரி மாத்திரை இல்லாமல் தூங்கினேன். காலையில் அண்ணி எழுப்பித்தான் எழுந்தேன்.

நீங்கள் சாயங்காலம் அரை மணி நேரம் மிளகு பக்கத்தில் உட்காருவதாக எழுதியிருந்ததை அண்ணனிடம்கூடக் காட்டவில்லை. அது நம் வீட்டு விஷயம். எனக்கும் அந்த இடத்தில் கொஞ்சம் இடம் வேண்டும்.

அதற்குப் பச்சைப் பால் கொடுக்காதீர்கள். வயிற்றுக்குச் சேராது. முட்டை தினமும் வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். படியில் ஏற விடாதீர்கள், தூக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இடுப்பு வலி வந்தால் பாப்பாயி அக்காவைக் கூப்பிடுங்கள். ஜாஸ்மினின் மேஜையை அப்படியே விட்டு வைத்ததற்கு நன்றி. அதன் இழுப்பறையை நானும் நீங்களுமாகச் சேர்ந்து திறந்து பார்க்கலாம். எப்போது என்று இப்போதே சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் கிளம்புகிறேன். அண்ணன் காரில் கொண்டு வந்து விடுகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். கரூர் போய், நாமக்கல் வந்து, மத்தியானம் மலை பஸ்ஸைப் பிடிப்பேன். நாலு மணிக்குள் செம்மேடு வந்துவிடுவேன்.

அவள் கேட்டபோது வா என்று நான் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், அதை என்னிடம் சொல்லுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வேண்டாங்க. அப்போது ஒன்றும் பேச வேண்டாம். என் கையிலிருந்து பையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அது போதும்.

ஆண்டவர் உங்களைக் காப்பாராக.

உங்கள்
வளர்மதி